மூன்றாம் முறை தட்டிய கதவு

எங்கள் குழுவில் எவுசேபியாவோடு வேலைக்குப் போக யாருக்கும் இஷ்டம் கிடையாது. எனக்கும்தான். நான் அவளுக்கு மேற்பார்வையாளர் என்று பேர். ஆனால் மலைமேட்டு ஊரான எல் ஆல்த்தோவின் தெருக்களில் அவள் முன்னால் நடப்பாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய பாவாடைகள், ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த வட்டத் தொப்பி, ஒரு கையில் கேள்வித்தாள் அட்டை, இன்னொரு கையில் நாய்களுக்கு ஒரு கல். அந்தக் கல்லை அவள் எறிந்து நான் பார்த்ததே இல்லை. ஓங்கினாலே நாய்கள் ஒதுங்கிவிடும். எங்களுக்கும் அப்படித்தான், அவள் திரும்பிப் பார்த்தாலே போதும்.

எங்கள் பிழைப்பு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது. கீழே பள்ளத்தில், லா பாஸில், ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெரு, எந்த வீடு, யாரிடம் என்ன கேட்பது என்று திட்டம் போடுவார்கள். மேலே குளிரில் நடப்பது நாங்கள். இருமல் எத்தனை பேருக்கு, தண்ணீர் எத்தனை பேருக்கு, வேலை எத்தனை பேருக்கு. எல்லாரையும் கேட்க முடியாது என்பதால் கொஞ்சப் பேரைக் கேட்டு மற்றவர்களைத் தெரிந்துகொள்வது. பொங்குகிற பானையில் ஒரு அகப்பை எடுத்து உப்புப் பார்ப்பது மாதிரிதான். ஆனால் மேலே மிதப்பதை மட்டும் எடுத்தால் அடியில் பிடித்தது தெரியாது.

இது எவுசேபியாவுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. அவள் புருஷன் செத்த பிறகு சந்தையில் நூல் விற்றாள், பிறகு இந்த வேலைக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து விதியை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது கதவு என்றால் ஏழாவது கதவுதான். எட்டாவது கதவு திறந்து கிடந்து, உள்ளே விருந்தே நடந்தாலும் அங்கே போகக் கூடாது. எங்கள் கிரோவர் ஒருமுறை போனான். சோம்பேறி, ஆனால் நல்ல பையன், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைக்கு அப்பன்.

"அக்கா, ஏழாவது வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டம்மா உட்கார வெச்சு, சூடா ஊதாச் சோளக்கஞ்சி குடுத்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்க. அதே தெரு, அதே ஜனங்க. என்ன குறைஞ்சு போச்சு?" என்றான்.

"கஞ்சி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் எவுசேபியா.

"பிரமாதம்."

"சரி, ருசியை ஞாபகம் வெச்சுக்க. தாளைக் கிழிச்சுப் போடு." பிறகு அவன் தோளில் கை வைத்து, குரலை இறக்கிச் சொன்னாள். "பகல்ல கதவைத் திறக்கிறது யாருப்பா? கடை வெச்சிருக்கிறவங்க, வயசானவங்க, கால் உடைஞ்சு கிடக்கிறவங்க. நாம தேடி வந்த ஆளு பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கான். இல்லைன்னா எங்கயோ போயிட்டான். திறக்கிற கதவையே தட்டிட்டிருந்தா, ஊருல எல்லாரும் சௌக்கியமா வீட்டுல இருக்காங்கன்னு எழுதிக் குடுப்ப."

பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும், மூன்றும் வேறு வேறு வேளையில். காலை, மாலை, நண்பகல். மூன்றாவது தடவையும் ஆள் இல்லை என்றால்தான் தாளை மூடலாம். இதற்கும் எவுசேபியா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். திறக்காத வீடுகளின் மூன்றாவது முறையை எல்லாம் சேர்த்து, நவம்பர் முதல் தேதி நண்பகலுக்கு வைப்பாள். சகல புனிதர் திருநாளன்று பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊரில் எந்த வீடும் காலியாக இருக்காது. செத்தவர்கள் வரும் நேரம் அது. எங்கே வேலை செய்கிறவனும் அன்றைக்கு வீடு வந்து, படையல் மேசை போட்டு, செத்துப்போன தன் ஆளுக்காகக் காத்திருப்பான். அந்த நேரத்தில் யார் தட்டினாலும் கதவு திறக்கும், முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு ஜெபம் சொன்னால் ரொட்டி வேறு கிடைக்கும். நாங்கள் தாள்களையும் முடித்து, மூட்டை மூட்டையாக ரொட்டியும் சுமந்துகொண்டு திரும்புவோம். கீழே இருக்கிற டாக்டர்களுக்கு எங்கள் குழுவில் மட்டும் பூட்டிய வீடு ஏன் இவ்வளவு குறைவு என்பது இன்றுவரை விளங்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இன்னொரு விதி, கேள்வியை அச்சில் இருப்பதுபோலவே வாசிக்க வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தையை மென்மையாக்கினால், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கேள்வி கேட்டதாகிவிடும். பதில்களை அருகருகே வைத்துப் பார்க்க முடியாது. நான் அவ்வப்போது மாற்றிவிடுவேன், அவள் என் முழங்கையில் இடிப்பாள்.

எல்லாவற்றிலும் கொடுமையான விதி ஆறு மாத விதி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர் அந்த வீட்டு ஆள் இல்லை. எழுதக் கூடாது. எல் ஆல்த்தோவில் பாதி வீடுகளிலிருந்து பிள்ளைகள் எல்லை தாண்டித் தையல் பட்டறைகளுக்குப் போயிருக்கிறார்கள். இந்தக் கேள்வி வரும்போது தாய்மார்கள் எங்களை அடிக்க வராத குறைதான்.

"என் பிள்ளை இந்த வீட்டு ஆள் இல்லையா? அவன் துணியெல்லாம் இங்கதான் கொடியில இருக்கு, வந்து பாரு!" என்று ஒருத்தி கத்தினாள்.

"துணி இருந்தா பத்தாது, தாயி. ஆள் ராத்திரி இங்க தூங்கணும். ஆறு மாசத்துக்கு மேல ஆச்சா?" என்றாள் எவுசேபியா.

அந்தப் பெண் அழுதுகொண்டே, "ஆமா," என்றாள். எவுசேபியா எழுதாமல் அடுத்த வரிக்குப் போனாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. "உங்க நெஞ்சு கல்லா, கோமாத்ரே?" என்று கேட்டேன். அவள் என் மகளுக்கு ஞானத்தாய், அதனால் எங்களுக்குள் அந்த முறைதான். அவள் அடுத்த கதவுகளை எண்ணிக்கொண்டு நடந்தாள். கேட்ட பிறகுதான் என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அவள் வீட்டுக் கொடியிலும் துணி இருந்தது.

அவள் ஒரே மகன் ரெனான். இருபத்து மூன்று வயதில், தையல் பட்டறையில் வேலை என்று எல்லை தாண்டிப் போனான். முதலில் வாரம் ஒருமுறை பேசினான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. பிறகு அடிக்கவும் இல்லை. அந்த நகரத்தில் ஒரு பட்டறை எரிந்ததாகச் செய்தி வந்தது. வெளியிலிருந்து பூட்டியிருந்த பட்டறை. செத்தவர்கள் பெயர்களை வானொலியில் வாசித்தார்கள், அதில் ரெனான் இல்லை. ஆனால் அந்தப் பட்டறைகளில் பாதிப் பேர் அடுத்தவன் அடையாளச் சீட்டில்தான் வேலை செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்த இன்னொருவன் ஊருக்கு வந்தபோது, அந்த நகரத்துப் பேருந்து நிலையத்தில் ரெனான் மாதிரி ஒருத்தனைப் பார்த்தேன், கூப்பிட்டேன், திரும்பவில்லை என்றான். எவுசேபியா இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் நான்கு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள்.

அக்கம்பக்கம் சும்மா விடுமா? அவள் தெருவில் ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் ப்ரிமித்தீவா, திருநாள் நெருங்கினாலே ஆரம்பித்துவிடுவாள். புதிதாகச் செத்தவர்களுக்கு மூன்று வருஷம் தவறாமல் மேசை போட வேண்டும். கரும்பு, தாளோடு வெங்காயம், ரொட்டியில் ஏணி, ரொட்டியில் மனுஷப் பொம்மை, பொம்மைக்குச் சுண்ணாம்பில் செய்த முகம். இது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் செத்ததற்கு அர்த்தமே இல்லை.

"இந்த வருஷமாவது அவனுக்கு ஒரு பொம்மை சுட்டுத் தரட்டுமா?" என்று ப்ரிமித்தீவா கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். "செத்திருந்தான்னா பசியோட வருவான். வந்து பார்த்தா சொந்த வீட்டுல மேசை இருக்காது. தெருத்தெருவா அடுத்தவன் மேசையப் பார்த்துட்டு நிப்பான். அந்தப் பாவம் உனக்கு வேணாம், எவுசேபியா."

"உயிரோட இருந்தான்னா?" என்றாள் எவுசேபியா. "எங்கயோ உட்கார்ந்து தைச்சிட்டிருக்கிறவனுக்கு இங்க நான் படையல் போட்டு, நானே அவனைக் கொல்லணுமா?"

ப்ரிமித்தீவா தன் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மேசை போட்டால் மகனைக் கொன்றவள், போடாவிட்டால் மகனைப் பட்டினி போட்டவள். எந்தத் தாய்க்கும் இந்தக் கதி வரக் கூடாது.

சென்ற வருஷம் வந்த ஆய்வு, பட்டறைகளுக்குப் போனவர்களைப் பற்றியதுதான். இத்தனை வருஷம் கழித்துக் கீழே யாருக்கோ ஞானம் பிறந்து, போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் தேட ஆள் அனுப்புவார்களாம். முறை வழக்கமானது. வீட்டில் இருக்கும் பெரியவர்களை வயது வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் அட்டையில் அச்சிட்ட குலுக்கல் எண் அவர்களில் ஒருவரைக் காட்டும். அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும், அவருக்குப் பதில் இன்னொருவர் பேசக் கூடாது. கடைசிப் பக்கத்தில் அந்த முக்கியமான கேள்வி வரும்.

தெருக்களை ஆபீஸ்தான் குலுக்கி எடுத்தது. எவுசேபியாவின் தெருவும் விழுந்தது. சொந்தத் தெருவில் வேலை செய்யக் கூடாது என்பதால் அவளை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, நானும் கிரோவரும் போனோம். காற்று தகரக் கூரைகளை அறைந்துகொண்டிருந்தது. தெருமுனை விளக்குக் கம்பத்தில், திருடர்களை மிரட்டுவதற்காகத் தூக்கில் தொங்கவிட்ட துணிப்பொம்மை சட்டை பேன்ட்டோடு சுற்றிச் சுற்றித் திரும்பியது. முனையிலிருந்து நான் கதவுகளை எண்ணினேன். ஏழாவது, பச்சைக் கதவு.

கிரோவர் என்னைப் பார்த்தான். "அக்கா, அப்படியே நடந்து போயிடலாம். எண்ணிக்கை தப்பிருச்சுன்னு சொல்லிக்கலாம். ஆயிரம் வீட்டுல ஒரு வீடு."

போய்விடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கஞ்சிக்கு ஆசைப்பட்டவனை அவள் கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

"ஊழியர் வீட்டை விட்டுடலாம்னு திட்டத்துல எழுதியிருக்கா, நெலிதா?" என்றார் டாக்டர் மெர்காதோ.

"இல்லீங்க."

"அப்ப அது ஒரு வீடு. அவ்வளவுதான்." போனை வைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குக் கோபம்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் போய்த் தட்டினேன். கிரோவர் வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்துவிட்டான். கதவைத் திறந்தவள் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"ஒழுங்கா எண்ணினியா?"

"எண்ணினேன், கோமாத்ரே."

"அப்ப உள்ள வா."

எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் வாசித்தேன். "இந்த வீட்டில் வழக்கமாக வசித்து, ஒரே பானையில் சாப்பிடுகிற பெரியவர்கள் யார் யார்? வயதில் மூத்தவரிலிருந்து சொல்லுங்கள்."

"எவுசேபியா கல்லிசாயா. ஐம்பத்தி நாலு." நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். "ரெனான். இருபத்தி ஏழு. ஆகஸ்ட்ல முடிஞ்சுது."

என் பேனா நின்றது. அவள் என்னையே பார்த்தாள். எழுதினேன். அடுத்த கேள்வியை நிமிராமல் வாசித்தேன். "இவர்களில் யாராவது ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கிறார்களா?"

"இல்ல."

பொய் என்பதை வாயில் வைத்துப் பழகாதவள். அந்த ஒரு சொல் கீழே விழுந்த பொருள் மாதிரி அறையில் கிடந்தது, எடுத்துப்போட இருவருக்கும் துணிவில்லை. அட்டையைப் பார்த்தேன். இரண்டு பேரில் இரண்டாவது ஆள் என்று காட்டியது.

"கோமாத்ரே, உங்ககிட்டயே கேட்டுடறேனே..."

"அட்டை என்னையா காட்டுச்சு?" என்றாள். "அவன் வெளிய போயிருக்கான். இன்னொரு நேரம் வா."

இதில் இருந்த கொடுமையைச் சொல்ல வேண்டும். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரே ஆள், அவளே பதில் சொல்லியிருப்பாள். திரும்பாதவர்களின் எண்ணிக்கையில் ரெனானும் சேர்ந்திருப்பான், அவனையும் தேடியிருப்பார்கள். வீட்டில் இருக்கிறான் என்று சொன்னதால், காணாமல் போனவர்களைத் தேடுகிற ஆய்விலிருந்தே அவன் காணாமல் போய்விட்டான். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொன்னாள். பெற்ற வாயால் பிள்ளையை வீட்டுக்கு வெளியே தள்ள அவளால் முடியவில்லை.

இரண்டாவது முறை மாலையில் போனேன். நாள் முழுக்க அவள் என்னோடு வேலை செய்துவிட்டு, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்திருந்தாள். கதவைத் திறந்தபோது உள்ளறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு கோப்பை. ஒன்று பாதி குடித்தது, ஆவி பறந்தது. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. ஆணியில் பையன்கள் போடும் தொப்பி தொங்கியது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை வந்தது.

"அடடா, இப்பத்தான் போனான்," என்றாள் எவுசேபியா. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா புடிச்சிருக்கலாம்."

விளையாடுகிறாளா, சித்தம் கலங்கிவிட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் எதுவும் இல்லை. ஆயிரம் வீட்டு வாசலில் ஆயிரம் பேர் எங்களுக்குச் சொல்லும் வழக்கமான வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். உள்ளறையின் திரைச்சீலை அசைந்தது. காற்றாகத்தான் இருக்கும். நான் என்னை மறந்து, "ரெனான்?" என்று கூப்பிட்டுவிட்டேன். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. நானும் நின்றேன், பதில் வரும் என்று.

வானொலியில் பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. எவுசேபியா, "சரி, மூணாவது தடவை வா," என்றாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் கூடவே வந்தான். நான் பெயர்களை எழுதும்போது, கடைசிப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் சொன்ன மாதிரிக் கேட்கும். நிமிர்ந்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பூட்டிய கதவைத் தட்டிவிட்டு நிற்கும்போது, அந்தப் பக்கத்தில் ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தோன்றும். எவுசேபியாவோ முன்னைவிட வேகமாக நடந்தாள். ஆனால் ஆறு மாதக் கேள்வி வரும் இடத்தில் அவள் குரல் இடறியதை நான் கவனித்தேன். ஒரு தாய் "ஆமா, ரெண்டு வருஷமாச்சு," என்று சால்வை நுனியில் முகம் துடைத்தபோது, எவுசேபியா பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இது விதியில் இல்லை. முழங்கையில் இடிக்க வேண்டியவள் நான். இடிக்கவில்லை.

மூன்றாம் முறைகள் எல்லாம் வழக்கம்போல நவம்பர் முதல் தேதிக்குச் சேர்ந்தன. அன்றைக்கு எவுசேபியா விடுப்புக் கேட்டாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கிரோவரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, அவள் தெருவுக்கு நான் போனேன். வேளை நண்பகல்தான். காலையும் மாலையும் முடிந்துவிட்டன. அந்த வேளையை எங்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்ததே அவள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது எனக்கு வேலை நேரமாக மட்டும் ஆகிவிட்டிருந்தது.

தெரு வெறிச்சென்று இருந்தது. ப்ரிமித்தீவாவின் அடுப்பும் ஓய்ந்திருந்தது. எல்லாக் கதவும் திறந்து, எல்லா வீட்டிலும் ஜனங்கள் மேசையைச் சுற்றிப் பேசாமல் நின்றார்கள். பச்சைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. பன்னிரண்டாம் மணி அடித்து ஓய்ந்தது. நான் கையைத் தூக்கித் தட்டினேன்.

உள்ளே நாற்காலி விழுகிற சத்தம். பாவாடைகள் சரசரக்க ஓடிவருகிற சத்தம். கதவு ஒரே இழுப்பில் திறந்தது.

"வந்துட்டியா, என் ராசா!"

இரண்டு கையும் விரிந்திருந்தன. தொப்பி இல்லை, சடைகள் நனைந்து புதிதாகப் பின்னியிருந்தன. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த முகத்துக்கு எதிரில், கேள்வித்தாள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். செத்துப் போயிருக்கலாம்.

கைகள் மெதுவாக இறங்கின. "நீயா," என்றாள்.

"கோமாத்ரே, நான் போயிடறேன். மன்னிச்சிருங்க. நான் யோசிக்கவே..."

"நீதான் வருவேன்னு எனக்குத் தெரியும். மூணாவது தடவை நண்பகல்லதானே. நான் வெச்ச பழக்கம்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும். இருந்தாலும் தட்டுற சத்தம் கேட்டதும் வாய் சொல்லிருச்சு."

அவள் தோளுக்கு மேலாக நான் மேசையைப் பார்த்தேன். கறுப்புத் துணி விரித்திருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு வளைத்துக் கட்டியிருந்தது. தாளோடு வெங்காயம், தண்ணீர்ச் செம்பு, ரொட்டி ஏணி. நடுவில் ஒரு கை நீளத்துக்கு ரொட்டிப் பொம்மை, மீசை முளைக்காத இளவட்ட முகத்தோடு. அதற்கு முன்னால், ஆணியில் தொங்கிய அந்தத் தொப்பி.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"உள்ள வந்து கதவைச் சாத்து. காத்து மெழுகுவத்திய அணைச்சிரும்," என்றாள். பிறகு மேசைப் பக்கம் பார்த்தபடியே பேசினாள். "எத்தனை அம்மாக்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டிருப்பேன், நெலிதா. திட்டினாங்க, அழுதாங்க, என் மூஞ்சில கதவைச் சாத்தினாங்க. ஆனா கடைசில எல்லாரும் ஆமான்னுதான் சொன்னாங்க. ஒருத்திகூடப் பொய் சொல்லல. நான் ஒருத்திதான் இல்லைன்னேன். அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. அவங்க பிள்ளையெல்லாம் வெளிய, என் பிள்ளை மட்டும் உள்ளயா?"

விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி எனக்குப் போட்டாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல் பக்கம் எடு. அந்தக் கேள்விய மறுபடி வாசி."

வாசித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கிறார்களா.

"ஆமா. அவன் பேரை அடி. இப்ப வீட்டுல ஒரே ஆளு. அட்டை யாரைக் காட்டுதுன்னு பார்க்கவே வேணாம். கேளு."

எல்லாக் கேள்வியும் கேட்டேன். அவள் வயதைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொன்னாள். மெழுகுவத்தி உருகியது. ஒரு ஈ எங்கிருந்தோ வந்து ரொட்டிப் பொம்மையின் மார்பில் உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், விரட்டவில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு ஈயை யாரும் விரட்ட மாட்டார்கள், செத்தவர் அந்த உருவில் வருவார் என்பார்கள். கடைசிப் பக்கம் வந்தது.

"இங்கேர்ந்து யாராவது... அதாவது... வேலைக்குப் போயி, இன்னும் வந்து சேராம..." என்றேன்.

மேசைக்கு அடியில் என் முழங்கால்மேல் அவள் முழங்கால் இடித்தது. "அச்சுல இருக்கிற மாதிரி வாசி. மத்த அம்மாங்களுக்கு எப்படி வாசிச்சியோ அப்படி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். "கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர் யாராவது உண்டா? உண்டு என்றால், பெயரையும் வயதையும் சொல்லுங்கள்."

எவுசேபியா தண்ணீர்ச் செம்பைப் பொம்மைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"ஒருத்தன். ரெனான்," என்றாள். "வயசு இருபத்தி மூணு."

நான் தயங்கினேன். "முன்னாடி இருபத்தி ஏழுன்னு..."

"அது நானா ஏத்தினது. வருஷா வருஷம் ஆகஸ்ட்ல உட்கார்ந்து ஏத்தினேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இருபத்தி மூணுன்னு எழுது, நெலிதா. அதுக்கு மேல ஏறல."